முதற்கதவைத் திறந்த கை

பயணம் மனிதனுக்குப் புதியதன்று. வாணிகம் நாடிக் கடல் கடந்தோர், கல்வி நாடி நாடு கடந்தோர், இறையில்லம் நாடிப் பாலை கடந்தோர் என நம் முன்னோரின் வரலாறே ஒரு நெடும்பயண வரலாறுதான். பயணம் போனவர்களைப் பற்றி நாம் நிறையவே எழுதியிருக்கிறோம். அப்பயணியை வாசலில் நிறுத்தி, ஏற இறங்கப் பார்க்கும் வீட்டுக்காரரைப் பற்றி அதிகம் எழுதியதில்லை. இக்கட்டுரை அந்த வீட்டுக்காரரைப் பற்றியது. அவர் வேறு யாருமல்லர், நாமே.

நாம் பிறந்து வளர்ந்த கண்ணமங்கலம், வேலூரிலிருந்து திருவண்ணாமலை செல்லும் நெடுஞ்சாலையில் உள்ள பேரூர். காட்பாடிக்கும் விழுப்புரத்துக்கும் இடையே ஓடும் இருப்புப்பாதையில் அதற்கென ஒரு நிலையமும் உண்டு. ஆரணிப் பட்டு என்று பெயர்பெற்ற சேலைகள் ஆரணி நகரில் மட்டும் நெய்யப்படுவன அல்ல. சுற்றியுள்ள பல ஊர்களின் தறிகளிலும் அவை உருவாகின்றன. நம்மூர் அவற்றுள் ஒன்று. விடியற்காலையில் பாங்கொலி கேட்டு எழுந்தால், அது அடங்கும் முன்பே அடுத்த தெருவில் தறியொலி தொடங்கிவிடும். இவ்விரண்டு ஒலிகளுக்கும் இடையே வளர்ந்த நமக்கு, விருந்தோம்பலைப் பற்றி எவரும் பாடம் சொல்லத் தேவையில்லை என்றே நினைத்திருந்தோம். அந்த நினைப்பைக் கலைத்தவர் ஓர் ஆப்பிரிக்கர்.

மொம்பாசாவிலிருந்து வந்தவர்

சில ஆண்டுகளுக்கு முன்பு, உறவினர் ஒருவரின் சிகிச்சைக்காக வேலூரில் தங்கியிருந்தோம். மருத்துவத்திற்கும் கல்விக்கும் ஆப்பிரிக்க நாட்டினர் வேலூருக்கு வருவது புதிதன்று. அங்கே ஒரு தேநீர்க் கடையில் அறிமுகமானவர், கென்ய நாட்டின் மொம்பாசாத் துறைமுகத்தைச் சேர்ந்த ஒரு முஸ்லிம் அன்பர். வயது நாற்பதை நெருங்கியிருந்தது. சிகிச்சை பெறும் தம் நாட்டவர் ஒருவருக்குத் துணையாக வந்திருந்தார். ஆனால் அவர் கென்யாவிலிருந்து நேரே வந்தவர் அல்லர். ஊரைவிட்டுப் புறப்பட்டு ஐந்தாண்டுகள் ஆகியிருந்தன. கெய்ரோ, இஸ்தான்புல், கோலாலம்பூர், கொழும்பு என நீண்டது அவர் வழி. போன இடத்தில் சில மாதங்கள் ஆங்கிலம் கற்பிப்பார்; அல்லது சமையற்கூடத்தில் பணிபுரிவார்; கையில் காசு சேர்ந்ததும் அடுத்த நாட்டுக்குப் புறப்படுவார்.

“உங்கள் நாட்டுக்கு வந்த இப்னு பதூதா எங்கள் ஊருக்கும் வந்தவர்தான்” என்று அவர் சொன்னபோது நாம் வியந்தோம். உண்மைதான். 1325இல் தஞ்சியரிலிருந்து புறப்பட்ட அந்த மொராக்கோ அறிஞர், 1331ஆம் ஆண்டளவில் கிழக்கு ஆப்பிரிக்கக் கரையோரம் சென்று மொம்பாசாவில் ஓர் இரவு தங்கினார். 1340களில் மஅபர் எனப்பட்ட தமிழகக் கரைக்கு வந்து, மதுரைச் சுல்தானின் விருந்தினராகவும் இருந்தார். “எங்கள் முன்னோர் அவருக்கு ஓர் இரவு இடம் கொடுத்தார்கள். அந்தக் கடனை வசூலிக்க வந்திருக்கிறேன்” என்று சொல்லிச் சிரித்தார் நண்பர்.

சுவாஹிலி மொழியில் ‘சஃபாரி’ என்றால் பயணம். நம் பெரியவர்கள் சொல்லும் ‘சபர்’ என்னும் அரபுச் சொல்லின் உடன்பிறப்பு அது. நூலுக்கு அவர்கள் ‘கிதாபு’ என்கிறார்கள். சப்பாத்தியும் பிரியாணியும் அவர்கள் ஊரில் அதே பெயரில் அடுப்பிலிருந்து இறங்குகின்றன. இத்தனை நெருக்கம் இருந்தும், அவர் அமர்ந்திருந்த மேசையில் நாம் போய் அமரும் வரை எவரும் அமர்ந்திருக்கவில்லை. கடையில் நின்றுகொண்டே தேநீர் அருந்தியவர்கள் ஏழெட்டுப் பேர் இருந்தனர்.

பட்டு நெசவைப் பாவு முதல் சேலை வரை பார்க்க வேண்டும் என்று அவர் விரும்பினார். நம்மூருக்கு அழைத்தோம்.

‘அறை இல்லை’

இங்கே ஓர் உண்மையை மறைக்காமல் எழுதியாக வேண்டும். நம் இல்லத்தில் இடம் இல்லாமலில்லை. மாடியில் ஓர் அறை காலியாகவே இருந்தது. இருப்பினும் அவரை எங்கே தங்கவைப்பது என்று எண்ணியபோது நம் மனம் முதலில் தேடியது ஒரு விடுதியைத்தான். ‘அவருக்கு வசதியாக இருக்கும்’ என்று நமக்கு நாமே காரணம் கூறிக்கொண்டோம். தெருவார் என்ன நினைப்பார்கள், உறவினர் என்ன கேட்பார்கள் என்பதே உண்மையான காரணம். இதே கல்லூரியிலிருந்து நான்கு பேராசிரியர்கள் வந்தபோது நாம் விடுதி தேடவில்லை.

அருகிலுள்ள நகரம் ஒன்றில் ஒரு விடுதிக்குத் தொலைபேசியில் பேசினோம். அறை உண்டு, வாருங்கள் என்றார்கள். நண்பருடன் போய் நின்றபோது, மேசைக்குப் பின்னால் இருந்தவர் அவரை ஒருமுறை பார்த்தார். பதிவேட்டை ஒருமுறை பார்த்தார். “அறை இல்லை” என்றார். சற்று முன்பு உண்டு என்றீர்களே என்று கேட்டோம். இப்போதுதான் நிரம்பியது என்றார். நமக்குப் பின்னால் வந்து நின்ற ஒரு குடும்பத்துக்குச் சாவி எடுத்துக் கொடுக்கப்பட்டதை நாம் கண்ணால் கண்டோம்.

நாம் அங்கே சண்டையிடவில்லை. குரல் உயர்த்தவும் இல்லை. வெட்கத்தோடு வெளியே வந்தோம். நண்பரோ சிறிதும் அதிர்ச்சி அடையவில்லை. அதுதான் நம்மை மிகவும் வருத்தியது. தம் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, நமக்கு ஆறுதல் சொன்னார். இப்படி நிகழும்போது உடன் வந்த உள்ளூர்க்காரருக்குத்தான் அதிகம் வலிக்கிறது என்றும், ஐந்தாண்டுகளில் பலருக்குத் தாம் இவ்வாறு ஆறுதல் கூற நேர்ந்திருக்கிறது என்றும் சொன்னார்.

வேறு வழியின்றியே அவரை வீட்டுக்கு அழைத்துச் சென்றோம். இதனை விருந்தோம்பல் என்று சொல்ல நாக்கூசுகிறது. முகம் திரிந்த பார்வை ஒன்றே விருந்தினரை வாடச் செய்துவிடும் என்று அனிச்ச மலரை உவமை காட்டி வள்ளுவர் அறிவுறுத்தியதை ஆண்டுதோறும் மாணவர்க்கு நடத்துகின்றவர்கள் நாம். அந்தப் பார்வை விடுதிக்காரரின் கண்ணில் மட்டும் இருந்ததா என்னும் கேள்வி அன்றிரவு நம்மை உறங்கவிடவில்லை.

வழிகாட்டி நூலும் ஒரு குறிப்பேடும்

அமெரிக்க நாட்டில் நியூயார்க் நகரத்தின் ஹார்லெம் பகுதியில் விக்டர் ஹியூகோ கிரீன் என்றோர் அஞ்சல் ஊழியர் வாழ்ந்தார். 1936இல் அவர் ஒரு வழிகாட்டி நூலை வெளியிட்டார். கறுப்பின மக்கள் உந்துவண்டியில் பயணம் செய்யும்போது எந்த ஊரில் எந்த விடுதி அறை கொடுக்கும், எந்த உணவகம் சோறு போடும், எந்த எரிபொருள் நிலையம் வண்டியை நிறுத்தவிடும் என்று அதில் முகவரியோடு அச்சிட்டிருந்தார். சில ஊர்களில் பொழுது சாய்ந்த பிறகு கறுப்பின மக்கள் இருக்கவே கூடாது என்ற நிலை இருந்த காலம் அது. 1964இல் குடிமை உரிமைச் சட்டம் இயற்றப்பட்ட பிறகு அந்நூலின் தேவை குறைந்தது; சில ஆண்டுகளில் அது நின்றும் போயிற்று. தம் நூல் தேவைப்படாத நாள் ஒன்று வரவேண்டும் என்று விரும்பிய பதிப்பாளர் உலகில் அவர் ஒருவராகத்தான் இருப்பார். அந்த நாளைக் காணாமலே 1960இல் அவர் மறைந்தார்.

நம் நண்பரிடமும் அத்தகைய ஒரு குறிப்பேடு இருந்தது. முதல்நாள் இரவு உணவுக்குப் பின் அதனை எடுத்துக் காட்டினார். ஒவ்வோர் ஊருக்கும் ஒரு பக்கம். அதில் கோபுரங்களோ கோட்டைகளோ இல்லை. அந்த ஊரில் தமக்கு முதலில் கதவைத் திறந்தவர் யார் என்பது மட்டுமே எழுதப்பட்டிருந்தது. ஓர் ஊரில் ரொட்டிக் கடைக்காரர். ஓர் ஊரில் ஒரு விதவைத் தாய். வேறோர் ஊரில், தமக்கு முடிவெட்டத் தெரியாது என்று ஒப்புக்கொண்டு, கற்றுக்கொண்டு வெட்டிவிட்ட ஒரு நாவிதர். சில ஊர்களின் பக்கத்தில் பெயர் எதுவும் இல்லை. ஊர்ப்பெயர் மட்டும் இருந்தது.

எல்லைச் சாவடிகளில் தம்மிடம் மட்டும் நான்கு கேள்விகள் அதிகமாகக் கேட்கப்படும் என்பதை அவர் வானிலையைப் பற்றிப் பேசுவது போல் பேசினார். மற்றவர்கள் இரண்டு மணி நேரம் முன்னதாக விமான நிலையம் போனால், அவர் நான்கு மணி நேரம் முன்னதாகப் போவார். ஒருபோதும் வேகமாக ஓடமாட்டார். ஓடும் கறுப்பு மனிதரை உலகம் திருடர் என்றே முதலில் நினைக்கும் என்பார். பிறருக்குப் பயணம் ஓய்வு. அவருக்கு அது ஓயாத விழிப்பு. இருப்பினும் ஏன் பயணம் செய்கிறீர்கள் என்று கேட்டோம். உலகம் மற்றவர்களுக்கு மட்டும் படைக்கப்பட்டதன்று என்பதற்காக என்றார். உகாண்டாப் பெற்றோருக்கு அமெரிக்காவில் பிறந்த ஜெசிகா நபோங்கோ என்னும் பெண்மணி 2019இல் உலகின் 195 நாடுகளையும் கண்டு முடித்தார். அந்த 195 எல்லைகளிலும் அவர் எத்தனைக் கேள்விகளுக்கு விடை சொல்லியிருப்பார் என்று அந்தச் செய்தியை நினைக்கும்போதெல்லாம் எண்ணத் தோன்றுகிறது.

நம் மண்ணில் கால்வைத்த கறுப்பினப் பயணிகள்

அன்று தொடங்கிய உறுத்தலில் இப்பொருள் குறித்துச் சில நூல்களைத் தேடிப் படித்தோம். அவற்றுள் மூன்று நிகழ்ச்சிகள் நம் மண்ணோடும் நம் மார்க்கத்தோடும் தொடர்புடையவை.

1935இல் ஹோவர்ட் தர்மன் என்னும் கறுப்பினச் சமய அறிஞர், தம் துணைவியார் உட்பட நால்வர் அடங்கிய நல்லெண்ணக் குழுவின் தலைவராக இலங்கை, இந்தியா, பர்மா நாடுகளுக்கு வந்தார். கொழும்பு சட்டக் கல்லூரியில் அவர் பேசி முடித்ததும் உள்ளூர்க்காரர் ஒருவர் அவரைத் தனியே கண்டு கடுமையாக வினவினார். உம் மக்களை அடிமைகளாகக் கப்பலில் ஏற்றிச் சென்றவர்களின் சமயத்தை எடுத்துக்கொண்டு இங்கே எதற்கு வந்தீர் என்பதே வினாவின் சாரம். தர்மன் சினம் கொள்ளவில்லை. அக்கேள்விக்கு விடை தேடுவதையே வாழ்நாள் பணியாக்கி, 1949இல் ஒரு நூலும் எழுதினார். அவர் 1936 பிப்ரவரியில் பர்தோலியில் காந்தியடிகளைச் சந்தித்தார். அகிம்சையின் கலப்பற்ற செய்தி ஒருவேளை கறுப்பின மக்கள் வழியாகவே உலகுக்குக் கிடைக்கலாம் என்று அடிகள் அப்போது கூறினார்.

அது பொய்க்கவில்லை. 1959 பிப்ரவரியில் மார்ட்டின் லூதர் கிங் இந்தியாவுக்கு வந்து ஏறத்தாழ ஒரு மாதம் பயணம் செய்தார். திருவனந்தபுரத்தில் தீண்டாமைக் கொடுமைக்கு ஆளான குடும்பங்களின் பிள்ளைகள் பயிலும் ஒரு பள்ளிக்குச் சென்றபோது, அப்பள்ளித் தலைவர் அவரை, அமெரிக்காவிலிருந்து வந்துள்ள நம்மைப் போன்ற ஒரு தீண்டத்தகாதவர் என்று அறிமுகப்படுத்தினாராம். முதலில் கிங் திடுக்கிட்டார். சற்றே மனம் புண்பட்டார். பின்னர் தம் மக்களின் நிலையை எண்ணிப் பார்த்து, ஆம், நான் தீண்டத்தகாதவனே என்று தமக்குள் ஒப்புக்கொண்டார். இதனை அவரே 1965ஆம் ஆண்டுச் சொற்பொழிவு ஒன்றில் எடுத்துரைத்தார். தம் நாட்டு நிலையை அவர் நம் நாட்டுக் கண்ணாடியில் கண்டார். அக்கண்ணாடியில் நம் முகமும் தெரிந்தது என்பதை நாம்தான் மறந்துவிடுகிறோம்.

மூன்றாமவர் மால்கம் எக்ஸ். 1964 ஏப்ரலில் ஹஜ் கடமைக்காக ஜித்தாவில் இறங்கிய அவரது கடவுச்சீட்டை அதிகாரிகள் வாங்கி வைத்துக்கொண்டனர். அமெரிக்கரான அவர் உண்மையில் முஸ்லிம்தானா என்று முடிவாகும் வரை விமான நிலையத்தை ஒட்டிய தங்குமிடத்தில் அவர் காத்திருக்க நேர்ந்தது. செய்தியறிந்து உதவிக்கு வந்தவர்கள் அஸ்ஸாம் குடும்பத்தார். அரபு நாடுகள் கழகத்தின் முதற்பொதுச்செயலாளராக இருந்த அப்துர் ரஹ்மான் அஸ்ஸாம், விடுதியில் தாம் தங்கியிருந்த அறைகளையே அவருக்கு விட்டுக்கொடுத்தார். வெள்ளை நிறத்தவர் ஒருவர் எதையும் எதிர்பாராமல் தம் படுக்கையைத் தமக்குத் தந்தது மால்கமின் உள்ளத்தை அசைத்தது. எல்லா நிறத்தவரும் ஒரே தட்டில் உண்டதையும் ஒரே வானின் கீழ் உறங்கியதையும் கண்டு, அதுவரை தாம் கொண்டிருந்த கருத்துகளை மாற்றிக்கொண்டதாக அவர் மக்காவிலிருந்து மடல் எழுதினார். அதே மனிதர் 1965 பிப்ரவரியில் பாரிஸ் விமான நிலையத்தில் இறங்கியபோது, பிரான்சு அரசு அவரை உள்ளே விடாமல் திருப்பி அனுப்பியது. அம்மாதத்திலேயே அவர் நியூயார்க்கில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

நிறமும் நாமும்

இவையெல்லாம் பழங்கதை, மேலைநாட்டுக் கதை என்று ஒதுக்கிவிட இயலவில்லை. 2016 சனவரி இறுதியில் பெங்களூரில் தான்சானிய நாட்டு மாணவி ஒருவர், தாம் தொடர்பே கொள்ளாத ஒரு விபத்துக்காகக் கும்பலால் தாக்கப்பட்டார். அதே ஆண்டு மே மாதம் டெல்லியில் காங்கோ நாட்டு இளைஞர் ஒருவர் ஆட்டோவுக்காக எழுந்த தகராறில் அடித்துக் கொல்லப்பட்டார். 2017 மார்ச்சில் கிரேட்டர் நொய்டாவில் நைஜீரிய மாணவர்கள் ஒரு வணிக வளாகத்துக்குள் வைத்துத் தாக்கப்பட்டனர். இம்மூன்று ஊர்களும் நம் நாட்டு ஊர்களே.

இதில் பெரிய வேடிக்கை ஒன்று உண்டு. உலகின் கண்ணுக்கு நாமும் கறுப்பர்களே. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து சென்ற ட்ரூரோ என்னும் கப்பல் டர்பன் துறையை அடைந்தது. கரும்புத் தோட்டத்து ஒப்பந்தக் கூலிகளாக அதில் சென்றோருள் தமிழர் பலர். அவர்களின் வழித்தோன்றல்கள் தென்னாப்பிரிக்க நிறவெறிச் சட்டங்களின் கீழ் எங்கே வாழலாம், எந்த இருக்கையில் அமரலாம் என்று பட்டியலிடப்பட்டவர்கள். அங்கே வதைபட்ட நிறம் நம் நிறம். இங்கே திரும்பி வந்தால், மணமகள் தேடும் விளம்பரத்தில் ‘சிவந்த நிறம்’ என்று முதல் வரியிலேயே கேட்கிறோம். 2020இல் புகழ்பெற்ற முகப்பசை ஒன்று தன் பெயரிலிருந்த வெண்ணிறத்தைக் குறிக்கும் சொல்லை நீக்கிக்கொண்டது. பசையின் பெயர் மாறிவிட்டது. நம் ஆசை மாறிற்றா?

தோளோடு தோள்

மறுநாள் வெள்ளிக்கிழமை. ஜும்ஆத் தொழுகைக்கு நண்பருடன் ஒரு பள்ளிவாசலுக்குச் சென்றோம். வரிசையில் அவர் நம் வலப்பக்கம் நின்றார். இடப்பக்கம் ஒரு செல்வந்தர். முன்வரிசையில் ஒரு கூலித் தொழிலாளி. அந்தச் சில நிமிடங்களில் எவர் தோளும் எவர் தோளையும் விட உயரமாக இல்லை. இறுதிப் பேருரையில் அரபியருக்கும் அரபியரல்லாதாருக்கும், வெள்ளையருக்கும் கறுப்பருக்கும் இறையச்சத்தாலன்றி வேறுபாடில்லை என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவித்ததன் நடைமுறை வடிவம் அந்த வரிசைதான்.

ஆனால் தொழுகை முடிந்து காலணி வைத்த இடத்துக்கு வருவதற்குள் அந்த வரிசை கலைந்துவிட்டது. சலாம் சொன்னவர்கள் உண்டு, கைகொடுத்தவர்களும் உண்டு. அதன்பின் விலகி நின்று பார்த்தார்கள். சிறுவன் ஒருவன் ஓடிவந்து நண்பரின் கையைத் தன் விரலால் தேய்த்து, நிறம் ஒட்டுகிறதா என்று பார்த்தான். நண்பர் சினம் கொள்ளவில்லை. அவனுடைய கையைத் தாமும் தேய்த்து, தம் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சிறுவன் சிரித்துவிட்டான். சுவிட்சர்லாந்து நாட்டு மலையூர் ஒன்றில் 1951இல் தங்கிய ஜேம்ஸ் பால்டுவின் என்னும் எழுத்தாளரும் தம் கையை ஊரார் இவ்வாறே தேய்த்துப் பார்த்ததை எழுதியிருக்கிறார். பனிமலையின் அறியாமையும் கண்ணமங்கலத்துக்கு அருகிலான அறியாமையும் ஒன்றே போலும். சிறுவனின் அறியாமை சிரிப்போடு தீர்ந்தது. பெரியவர்களாகிய நம்முடையதுதான் தீரவில்லை.

அப்போது பள்ளிவாசலின் மோதினார் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். எழுபது வயது, குறைந்த ஊதியம், ஒட்டிய கன்னம். நண்பரின் இரு கைகளையும் பற்றிக்கொண்டு, “நான் செய்யும் வேலை பிலால் (ரலி) அவர்களுடைய வேலை. அவர் நாட்டுப்பக்கத்து மனிதர் வந்திருக்கும்போது என் அறையில் ஒரு வாய் தேநீராவது குடிக்காமல் போகலாமா? சொல்லுங்கள், தம்பி” என்று நம்மிடம் மொழிபெயர்க்கச் சொன்னார். அபிசீனிய அடிமையாக வதைபட்டு, அபூபக்கர் (ரலி) அவர்களால் விடுதலை பெற்று, ஹிஜ்ரி 8இல் மக்கா வெற்றியின்போது கஅபாவின் கூரைமேல் ஏறி நின்று பாங்கு சொன்னவர் பிலால். அவ்வரலாற்றை மேடையில் பேசியவர்கள் அன்று அங்கே பலர் இருந்தோம். அதனை வாழ்ந்து காட்டியவர் அந்த மோதினார் ஒருவரே.

மூன்றாம் நாள்

சுவாஹிலி மொழியில் விருந்தினருக்கும் அந்நியருக்கும் ஒரே சொல்தான். விருந்தினரை இரண்டு நாள் விருந்தினராக வைத்திரு, மூன்றாம் நாள் அவர் கையில் மண்வெட்டியைக் கொடு என்று அவர்களிடம் ஒரு பழமொழியும் உண்டு. மூன்றாம் நாள் காலையில் நண்பர் அதனை நினைவூட்டி, வேலை கொடுங்கள் என்றார். அடுத்த தெருவில் நமக்குச் சிறுவயது முதல் தெரிந்த ஒரு நெசவாளரிடம் அழைத்துச் சென்றோம்.

அவர், “வாங்க பாய், யாரைக் கூட்டி வந்திருக்கீங்க?” என்று கேட்டார். சொன்னோம். அவ்வளவுதான். வேறு கேள்வி கேட்கவில்லை. குழித்தறியிலிருந்து எழுந்து, பாய் விரித்து, மோர் கொடுத்தார். பிறகு நண்பரை இராட்டையின் முன் அமர்த்தி, ஊடை நூலைத் தாரில் சுற்றக் கற்றுக்கொடுத்தார். நூல் அறுந்தபோதெல்லாம் தலையில் கைவைத்த நண்பரைப் பார்த்து வீட்டுப் பெண்கள் சிரித்தனர். அறுந்த இழையை எப்படி முடிவது என்று காட்டிக் கொடுத்தனர். நண்பகலுக்குள் பதினொரு தார் தேறிவிட்டது. அந்த நூல் ஒரு சேலைக்குள் போயிற்று. அச்சேலை யார் வீட்டுத் திருமணத்துக்குப் போனதோ, அறியோம்.

பேச்சுக்கிடையே, கறுப்புப் பட்டு நெய்வதுண்டா என்று நண்பர் கேட்டார். மங்கல நாளுக்கு ஆகாதென்று அதிகம் கேட்கமாட்டார்கள் என்று நெசவாளர் உண்மையைச் சொன்னார். சற்று நேரம் கழித்து, “கறுப்புப் பாவில் இழை அறுந்தால் மேலோட்டமாகப் பார்த்தால் தெரியாது. குனிந்து, கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். அதற்குச் சோம்பல்பட்டுத்தான் நாங்களும் அதிகம் போடுவதில்லை” என்றார். அவர் நூலைப் பற்றித்தான் சொன்னார்.

அன்றிரவு நம் அன்னையார் நண்பரின் தட்டில் இரண்டாம் முறை பிரியாணி வைத்தபோது, “இந்தப் பிள்ளையைக் கொண்டுபோய் லாட்ஜில் விடப் பார்த்தாயே” என்று நம்மைக் கடிந்துகொண்டார். தெருவார் பேச்சுக்கு அஞ்சியது அன்னையார் பொருட்டு என்று அதுவரை நாம் நம்பியிருந்தோம். அவர் அஞ்சவே இல்லை.

முதல் விருந்தோம்பல்

இஸ்லாமிய வரலாற்றில் அடைக்கலம் தேடி நாடு கடந்த முதற்பயணம் எது? மதீனாவுக்குச் சென்றதன்று, அதற்குச் சில ஆண்டுகள் முன்பே, கி.பி. 615இல் அபிசீனியாவுக்குச் சென்றது. மக்காவின் கொடுமை தாங்காத நபித்தோழர்கள் சிலர், நபிகளாரின் அறிவுரைப்படி செங்கடலைக் கடந்து, கறுப்பு மன்னர் ஒருவரின் நாட்டில் அடைக்கலம் புகுந்தனர். நஜ்ஜாஷி என்று நாம் போற்றும் அம்மன்னர் அப்போது கிறித்தவர். குறைஷிகள் விட்டுவிடவில்லை. அடைக்கலம் புகுந்தோரைத் திருப்பி அனுப்பக் கோரித் தூதரை ஏவினர். மன்னர் விரும்பும் தோல் பொருள்களைக் கையுறையாகக் கொடுத்தனுப்பினர். தோல் பதனிடுதலையும் தோல் வாணிகத்தையும் வாழ்வாகக் கொண்ட நம் பகுதிப் பெரியவர்கள் இக்குறிப்பை ஆழ்ந்து எண்ண வேண்டும்.

மன்னர் இரு தரப்பையும் கேட்டார். ஜஅஃபர் (ரலி) அவர்கள் எழுந்து தங்கள் நிலையை எடுத்துரைத்து, மர்யம் அத்தியாயத்திலிருந்து சில வசனங்களை ஓதினார். மன்னரின் கண்கள் கலங்கின. அடைக்கலம் தேடி வந்தவர்களை விட்டுக்கொடுக்க மறுத்தார். தோல் பொருள்களைத் திருப்பி அனுப்பினார். நம் உமறுப்புலவரும் சீறாப்புராணத்தில் இந்நிகழ்ச்சியை விரித்துப் பாடியுள்ளார். பின்னாளில் அம்மன்னர் இறந்த செய்தி வந்தபோது, நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மதீனாவிலிருந்தே அவருக்காக இறுதித் தொழுகை நடத்தினார்கள்.

இதன் பொருளை அந்த மூன்று நாள்களுக்குப் பிறகே நாம் உணர்ந்தோம். நிறச் சமத்துவத்தைப் பேசும்போதெல்லாம், கறுப்பரை நாம் ஏற்றுக்கொண்டோம் என்றே பெருமையோடு பேசுகிறோம். வரலாறோ தலைகீழாக இருக்கிறது. முதலில் வாசலில் நின்றவர்கள் அரபியர். கதவைத் திறந்தது ஒரு கறுப்புக் கை. முஸ்லிம் சமுதாயம் உலகில் முதன்முதலாகப் பட்ட விருந்துக்கடன் ஆப்பிரிக்காவுக்குப் பட்டது. அதனை நாம் வழங்கும் கொடையாக எண்ணும் வரை விடுதி தேடிக்கொண்டுதான் இருப்போம். திருப்பிச் செலுத்த வேண்டிய கடனாக எண்ணினால், மாடி அறையின் சாவி தானே கைக்கு வரும்.

பெயர் எழுதாத பக்கம்

நான்காம் நாள் காலை இருப்புப்பாதை நிலையத்தில் வண்டிக்குக் காத்திருந்தபோது, நண்பர் குறிப்பேட்டை எடுத்தார். கண்ணமங்கலம் என்று எழுதி, அதன்கீழ் எழுத நம் பெயரின் சரியான ஒலிப்பைக் கேட்டார்.

நாம் சொல்லவில்லை. நெசவாளர் பெயரைச் சொன்னோம். மோதினார் பெயரைச் சொன்னோம். அன்னையார் பெயரைச் சொன்னோம். அவர் எழுத்தெழுத்தாகக் கேட்டு எழுதிக்கொண்டார். பிறகு நம் முகத்தைப் பார்த்தார். காரணம் அவருக்கு விளங்கிற்று. பக்கத்தின் அடியில் ஒரு வரிக்கு இடம் விட்டு, மூடினார். அடுத்தமுறை வரும்போது நிரப்பிக்கொள்ளலாம் என்றார்.

மாணவச் செல்வங்களே! உங்களுள் பலர் நாளை வளைகுடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் செல்வீர்கள். ஏதோ ஓர் ஊரின் ஏதோ ஒரு மேசைக்குப் பின்னால் இருப்பவர் உங்கள் நிறத்தையும் பெயரையும் பார்த்து ‘அறை இல்லை’ என்று சொல்லக்கூடும். அன்று உங்களுக்காக ஒரு கதவு திறக்க வேண்டுமென்றால், இன்று உங்கள் ஊரின் கதவுகள் திறந்திருக்க வேண்டும். உங்கள் கல்லூரிக்கு ஆப்பிரிக்க மாணவர் ஒருவர் வந்தால் அவர் அமர்ந்திருக்கும் மேசையில் போய் அமருங்கள். படம் எடுத்துக்கொள்வதற்கு முன் பெயரைக் கேளுங்கள். பெருநாளன்று வீட்டுக்கு அழையுங்கள். வேறு வழியின்றி அழைத்த நம்மைப் போலன்றி, முதலிலேயே அழையுங்கள். சமுதாயப் பெரியோரே! பிள்ளைகள் அப்படி ஒருவரை அழைத்து வந்தால், தெருவார் என்ன சொல்வார்கள் என்று கேட்காதீர்கள். அவர்கள் என்ன சொல்ல வேண்டும் என்பதை முடிவு செய்யும் இடத்தில் இருப்பவர்கள் நீங்களே.

நண்பர் இன்னும் திரும்பி வரவில்லை. மாடி அறையைக் கூட்டித் துடைத்து வைத்திருக்கிறோம். விட்டுவைத்த அந்த ஒரு வரிக்குத் தகுதியுடையோராக நம்மை ஆக்க, வல்ல இறைவன் அருள்புரிவானாக. ஆமீன்.